நீர்ப்பூங்காவைக் குளிர்காலத்துக்கு மூடும்போது ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது?

தெற்குக்கரை எழுதியது:

வணக்கம். கனடாவின் தென் ஒன்ராறியோவில் திறந்தவெளி நீர்ப்பூங்கா ஒன்றில் செயற்பாட்டு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இது எனக்கு ஏழாவது சீசன். இங்கே இதே துறையில் இருப்பவர்களும், படிக்கிற காலத்தில் ஒரு கோடையாவது இந்த வேலையைச் செய்தவர்களும் பலர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில், மூன்று வருடமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறையோடு பூங்கா மூடும் என்று வாசலில் பலகை வைக்கிறோம். ஆட்கணக்கில் பார்த்தால் அது ஓகஸ்ட் மூன்றாம் வாரமே மூடத் தொடங்கிவிடுகிறது. முதலில் பல்கலைக்கழக மாணவர்கள் போகிறார்கள். என் மூத்த உயிர்காப்பாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். அடுத்துக் கல்லூரி மாணவர்கள் போகிறார்கள். கடைசி நீண்ட வார இறுதியில் கையில் மிஞ்சுவது உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள், அவர்களுக்கும் மறுநாள் செவ்வாய்க்கிழமை பாடசாலை தொடங்குகிறது.

போன வருடம் ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை நல்ல வெயில். எங்கள் உயரமான கோபுரச் சறுக்குக்கு மேலே ஆட்களை அனுப்பி வைக்க ஒருவர், கீழே இறங்கு தடாகத்தில் இருவர், இவர்களை மாற்றிவிட ஒருவர் என்று நால்வர் வேண்டும். காலை பத்தரை மணிக்கு மூவர்தான் இருந்தார்கள். சங்கிலியை இழுத்துப் பூட்டினேன். அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன், உயரம் அளக்கும் பலகையில் முதுகைச் சாய்த்து, இந்த வருடம் கோட்டைத் தாண்டிவிட்டதைத் தகப்பனுக்குக் காட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இது வெளியே தெரிகிற பாதி. மற்றப் பாதி கதவு பூட்டிய பிறகு நடக்கிறது. தண்ணீர் வடித்தல், குழாய்களை வெறுமையாக்கல், மிதவைகளைக் கழுவிக் காயவைத்து அடுக்குதல், சமையலறையைத் துடைத்து மூடுதல் எல்லாவற்றையும் கடும் உறைபனி வருவதற்குள் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் நிரந்தர ஊழியர் ஐந்து பேரும், வார இறுதியில் வந்துபோகும் சில மாணவர்களும் மட்டுமே இருக்கிறோம். போன வசந்தத்தில் திறந்தபோது ஒரு பம்பின் வார்ப்பிரும்புக் கூடு நெடுக வெடித்திருந்தது. அதன் அடியில் உள்ள வடிகால் மூடி ஒன்று கழற்றப்படவில்லை. அந்தப் பம்புக்கு இரண்டு மூடிகள் இருக்கின்றன என்பதை அறிந்த ஒரே மனிதர் அதற்கு முந்திய யூலையிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார்.

கடைசி வாரங்களில் ஆட்களை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? மூடும் வேலைக்கு யாரை எடுக்கிறீர்கள்? அடுத்த மே மாதம் அதே ஆட்கள் திரும்பி வர என்ன செய்கிறீர்கள்?

---

நாலாம்வருடம் எழுதியது:

அண்ணா, நான் நான்கு கோடைகள் உயிர்காப்பாளராக இருந்தேன், கடைசி இரண்டிலும் குழுத்தலைவி. மாணவர்கள் பக்கத்தில் இருந்து சில விடயங்களைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஓகஸ்ட் கடைசியில் போவது பொறுப்பின்மையால் அல்ல. வேறு நகரத்தில் படிப்பவருக்கு விடுதி அறை கிடைக்கும் நாளைப் பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்கிறது, அது பெரும்பாலும் லேபர் டேயை ஒட்டிய நாட்களில் வருகிறது. முதல் வருடப் பிள்ளைக்கு வரவேற்பு வாரம் தவறினால் அடுத்த எட்டு மாதமும் அந்நியராகவே இருப்போமோ என்ற பயம் இருக்கும். இவை எதுவும் திடீரென்று வருவதில்லை. பெப்ரவரியில் நேர்முகத்தேர்வு வைக்கும்போதே எங்களுக்குத் தெரியும். ஆனால் என்னை யாரும் ஒருமுறைகூட “உங்கள் கடைசி நாள் எது?” என்று கேட்டதில்லை. விண்ணப்பத்தில் “சீசன் முழுவதும் வேலை செய்ய முடியுமா?” என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று எழுதினால் வேலை கிடைக்காது என்று நினைத்து எல்லோரும் ஆம் என்றே எழுதினோம். அந்தக் கட்டம்தான் பொய்யைக் கேட்டு வாங்கியது.

சீசன் முடிவுக் கொடுப்பனவும் அப்படித்தான். லேபர் டே வரை இருந்தவருக்கு மட்டும், வேலை செய்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு தொகை என்று எங்கள் பூங்கா கொடுத்தது. ஓகஸ்ட் 28இல் விடுதிக்குப் போனவர் அவ்வளவு நாள் உழைத்தும் ஒரு சதமும் பெறவில்லை. அதனால் முன்கூட்டியே போக வேண்டியவர்கள் யூலையிலேயே மனம் விட்டுவிட்டார்கள். சொன்ன திகதி வரை வேலை செய்தவருக்கு அந்தத் திகதிக்கு உரிய கொடுப்பனவு என்று மாற்றியிருந்தால், உண்மையான திகதிகள் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

இந்தியாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் படிக்க வந்திருக்கும் மாணவர்களையும் மறக்க வேண்டாம். கோடை விடுமுறையில் அவர்கள் முழுநேரம் வேலை செய்யலாம். தவணை தொடங்கியதும் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் என்ற வரம்பு வந்துவிடும். 2024 நவம்பரில் இருந்து அதுதான் விதி. செப்டெம்பரில் “இன்னும் ஒரு நாள் வாருங்கள்” என்று அவர்களைக் கேட்பது அவர்களின் விசாவை ஆபத்தில் தள்ளுவதற்குச் சமம். மறுத்தால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்களோ என்ற பயத்தில் சிலர் மறுக்கவும் மாட்டார்கள்.

---

இரும்புக்குழாய் எழுதியது:

பதினைந்து வருடமாக நீர்ப்பூங்காப் பராமரிப்பில் இருக்கிறேன். அந்த வெடித்த பம்பைப் பற்றி வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. கூட்டுக்குள் ஒரு கோப்பை தண்ணீர் தங்கினால் போதும். அதனால் மூடும் வேலை என்பது தண்ணீர் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பதை அறிந்து தேடுகிற வேலை. தாழ்வான வளைவுகளில், வால்வின் உட்புழையில், வடிகட்டிக் கூடையின் பின்புறத்தில், அழுத்தமானிக்குப் போகும் சுண்டுவிரல் அளவுக் குழாயில் எல்லாம் அது நிற்கும். முதலில் வடிக்கிறோம், பிறகு கம்ப்ரஸரால் ஊதுகிறோம், ஊத முடியாத இடத்தில் இளஞ்சிவப்பு நிற புரோப்பிலீன் கிளைக்கோல் ஊற்றுகிறோம். ஊதும்போது ஒருவர் கம்ப்ரஸர் பக்கத்திலும் இன்னொருவர் குழாயின் மறுமுனையிலும் நிற்க வேண்டும். மறுமுனையில் தண்ணீர் சீறி, பிறகு துமித்து, கடைசியில் வெறும் காற்றாக வரும்வரை பார்த்து அவர் கைகாட்டினால்தான் அடுத்த வால்வைத் திறக்கலாம். தனி ஆளாகச் செய்தவர் ஊகத்தில் மூடுவார், அந்த ஊகம் சரியா பிழையா என்பது மே மாதத்தில்தான் தெரியும்.

அலைத்தடாகத்தை நாங்கள் முற்றாக வடிப்பதில்லை. நிலத்தடி நீர் உயர்ந்தால் வெறுமையான தடாகத்தின் கொங்கிரீட் தளத்தையே அது மேலே தள்ளிவிடும். எதை வடிக்க வேண்டும், எதை வடிக்கக் கூடாது, வடிக்கும் தண்ணீரில் உள்ள குளோரினை எப்படி நீக்கி வெளியே விட வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

ஆட்களின் எண்ணிக்கையைச் சட்டமும் தீர்மானிக்கிறது என்பதை முதலாளிமார் பலர் கவனிப்பதில்லை. நிலத்தடியில் இருக்கும் சமநிலைத் தொட்டிக்குள் ஒருவர் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால், அது ஒன்ராறியோவின் மூடிய இட ஒழுங்குவிதியின் கீழ் வரக்கூடிய வேலை. உள்ளே காற்றை அளக்க வேண்டும், வெளியே பயிற்சி பெற்ற ஒருவர் இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும், மீட்பதற்கான ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவில் தொட்டி வேலைக்கே மூவர் போய்விட்டால் அன்று வேறு எதுவும் நடக்காது. “ஒரு நிமிட வேலைதானே” என்று தனியாக இறங்குபவரைத்தான் நாம் இழக்கிறோம். இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அதை இங்கே எழுத விரும்பவில்லை.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் ஆள்சேர்ப்பு முகவர் மூலம் தினக்கூலிக்கு நான்கு பேரை எடுத்தார்கள். நல்ல உழைப்பாளிகள். ஆனால் இரசாயன அறையை ஒதுக்கிவைக்கச் சொல்லி அவர்களைத் தனியே அனுப்பினார்கள். குளோரின் திரவக் கலன்களையும் அமிலக் கலன்களையும் ஒரே தட்டில் அடுக்கியிருந்தார்கள். இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அவர்களில் யாருக்கும் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

---

வெய்யில்நாள் எழுதியது:

நான் கணக்குப் பக்கம். ஓகஸ்ட் நடுவில் இருந்து வார நாட்களில் மூடிவிட்டு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் திறப்பதே இதற்கு எளிய வழி என்று நினைக்கிறேன். வார நாட்களில் வருபவர்களும் குறைவு, ஆட்களும் குறைவு. இரண்டும் பொருந்தி வருமே?

---

தெற்குக்கரை எழுதியது:

இதை நாங்களும் யோசித்தோம். வருபவர் குறைந்தால் நுழைவுச்சீட்டுக் கூடத்திலும் உணவுக் கடையிலும் ஆட்களைக் குறைக்கலாம். தண்ணீருக்குப் பக்கத்தில் அப்படிக் குறைக்க முடியாது. மிதவை ஆற்றின் வளைவுக்கு அப்பால் இருப்பதை ஒருவரால் பார்க்க முடியாது. அதனால் ஆற்றில் பத்துப் பேர் மிதந்தாலும் இருநூறு பேர் மிதந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் ஓர் உயிர்காப்பாளர் நிற்க வேண்டும். ஆபத்தைப் பத்து வினாடிக்குள் கண்டுகொண்டு அடுத்த இருபது வினாடிக்குள் ஆபத்தில் இருப்பவரை அடைய வேண்டும் என்ற அளவுகோலை இந்தத் துறையில் பலர் பின்பற்றுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஆட்களைக் குறைக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அந்த நீர்நிலையையே மூடிவிட வேண்டும்.

ஆகவே நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நாட்களைக் குறைப்பதைவிட, ஓகஸ்ட் 20க்குப் பிறகு எவை திறந்திருக்கும் என்பதை யூன் மாதமே தீர்மானித்து, இணையத்தளத்திலும் வாசலிலும் எழுதிவைத்து, அதற்கேற்ப நுழைவுக் கட்டணத்தையும் குறைப்பது நேர்மையாக இருக்கும். வந்த பிறகு சங்கிலியைக் காட்டுவது நேர்மையல்ல. வார நாட்களை மூடினால் இன்னொரு சிக்கலும் உண்டு. வாரத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தவருக்குத் திடீரென்று 20 மணித்தியாலமே கிடைக்கும், அவர் வேறு இடம் தேடிப் போவார். அவரை நாமே அனுப்பியது போல் ஆகிவிடும்.

---

டெல்ஸ்வாசி எழுதியது:

அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸில் இருந்து எழுதுகிறேன். ஊரின் மக்கள்தொகை சில ஆயிரம்தான், கோடையில் வந்து போகிறவர்களோ பல லட்சம். 1979இல் தொடங்கிய நோவாஸ் ஆர்க் போன்ற திறந்தவெளிப் பூங்காக்கள் ஒரு பக்கம். 1994இல் பாலினேஷியன் விடுதியில் தொடங்கி ஊர் முழுக்கப் பரவிய கூரைக்கு அடியிலான நீர்ப்பூங்காக்கள் மறுபக்கம். வெளியே மூடிய பிறகு உள்ளே வேலை இருப்பதால், இரண்டையும் சேர்த்து நடத்தும் விடுதிகள் தங்கள் திறமையான ஆட்களைக் கைவிட வேண்டியதில்லை. தனியாக நிற்கும் திறந்தவெளிப் பூங்காவுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் ஊரிலும் கனடாஸ் வொண்டர்லாண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவில் நீர்ப்பகுதி மூடிய பிறகு ஹாலோவீன் நிகழ்ச்சிக்காகப் பூங்கா திறந்திருக்கிறது என்பதால், விரும்புகிறவர்கள் அங்கே தொடர வாய்ப்பு இருக்கும்.

பள்ளி திறக்கும் தேதிக்காக இங்கே சுற்றுலாத் துறையினர் சட்டமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். விஸ்கான்சினில் அரசுப் பள்ளிகள் பொதுவாக செப்டம்பர் 1க்கு முன் திறக்கக் கூடாது. வர்ஜீனியாவில் லேபர் டேக்குப் பிறகே பள்ளி திறக்க வேண்டும் என்று 1986இல் வந்த சட்டத்துக்கு மக்கள் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பெயரையே வைத்து ‘கிங்ஸ் டொமினியன் சட்டம்’ என்று சொன்னார்கள். அதை 2019இல் தளர்த்தினார்கள். பள்ளி ஆசிரியையின் கணவன் என்ற முறையில், பூங்காவுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் கல்வியாண்டைத் தள்ளிவைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆட்கள் விஷயம் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பெரியது என்பது அதிலிருந்து தெரியும்.

ஆட்கள் போதாத இடத்தை வெளிநாட்டு மாணவர்கள் நிரப்புகிறார்கள். ஜே-1 விசாவின் கோடைக்கால வேலைத் திட்டத்தில் அவர்கள் அதிகபட்சம் நான்கு மாதம் இருக்கலாம். சில நாடுகளில் பல்கலைக்கழகம் தாமதமாகத் திறப்பதால் செப்டம்பரிலும் அவர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு 2020 ஜூனில் பாடம் கிடைத்தது. அந்த விசா ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டது. தங்கும் இடமும் பெரிய பிரச்சினை. ஓர் அறையில் எத்தனை பேரை அடைக்கிறோம் என்பதை அந்தப் பிள்ளைகள் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள், அடுத்த வருடம் யார் வருவார்கள் என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

---

சம்பளப்பட்டியல் எழுதியது:

ஒன்ராறியோவில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். மூடுவதைப் பற்றிப் பேசும்போது கடைசி நாளுக்குப் பிறகு ஊழியர் கைக்கு என்ன போகிறது என்பதையும் பேச வேண்டும், ஏனென்றால் அவர் திரும்பி வருவாரா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

வேலை நின்றதும், ஈ.ஐ. எனப்படும் வேலையின்மைக் காப்புறுதிக்கு அடிப்படையான வேலைப் பதிவுச் சான்றை அனுப்ப வேண்டும். வாரச் சம்பளமோ இருவாரச் சம்பளமோ கொடுத்து மின்னணு முறையில் அனுப்புபவர்கள், அந்தச் சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாட்களுக்குள் அனுப்பியாக வேண்டும். அதில் காரணக் குறியீடு ஒன்று உண்டு. ‘ஏ’ என்றால் வேலை இல்லை அல்லது சீசன் முடிந்தது, ‘ஈ’ என்றால் தானாக விலகினார். நூற்றுக்கணக்கான ஆட்களை ஒரே வாரத்தில் முடித்து அனுப்பும்போது, எல்லோருக்கும் ஒரே குறியீட்டைப் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், சமையலறையில் இருந்த இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு ‘ஈ’ என்று போய்விட்டது. அவருக்கு ஈ.ஐ. கொடுப்பனவு வாரக்கணக்கில் தடைப்பட்டது. தொலைபேசியில் அவர் என்னிடம் கோபப்படவே இல்லை. “நான் வேலையை விட்டேன் என்று நீங்கள் ஏன் எழுதினீர்கள், தங்கச்சி? நான் அடுத்த வருடமும் வரலாம் என்றுதானே இருந்தேன்” என்று மட்டும் கேட்டார். திருத்திக் கொடுத்தேன். அவர் வரவில்லை.

இரண்டாவது, நிரந்தரம் என்று எடுத்தவரைக் குளிர்காலத்தில் ‘வீட்டில் இருங்கள்’ என்று சொல்லி வைத்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் தற்காலிக இடைநிறுத்தம் தொடர்ச்சியான 20 வாரத்தில் 13 வாரத்தைத் தாண்டக் கூடாது. மருத்துவக் காப்புறுதி போன்றவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் 52 வாரத்தில் 35 வாரத்துக்கு உட்பட்டு நீடிக்க இடமுண்டு. ஒக்டோபரில் இருந்து மே வரை என்பது 13 வாரத்தை எளிதில் தாண்டும். தாண்டினால் அது வேலைநீக்கமாகவே கொள்ளப்படும், அதற்குரிய கொடுப்பனவுகளும் வந்து சேரும். ஆகவே சீசன் ஆட்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் எழுதிய ஒப்பந்தம் வேண்டும். நிரந்தர ஆட்களைக் குளிர்காலம் முழுவதும் உண்மையாகவே வேலையில் வைத்திருக்க வேண்டும்.

---

மதியச்சோறு எழுதியது:

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது ஐம்பத்திரண்டு. மூன்று கோடைகள் ஒரு நீர்ப்பூங்காவின் உணவுக் கூடத்தில் வேலை செய்தேன். எங்கள் கூடத்தில் என்னைப் போல எட்டுப் பத்துப் பெண்கள் இருந்தோம். தமிழ், பிலிப்பினோ, குஜராத்தி என்று எல்லோரும் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள். எங்களுக்குச் செப்டெம்பரில் பாடசாலையும் இல்லை, விடுதியும் இல்லை.

லேபர் டே அன்று மாலை ஏழு மணிக்குப் பொரிக்கும் எண்ணெயை இறக்கி, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். மறுநாள் அந்தப் பூங்கா ஆள் போதாது என்று முகவரிடம் ஆட்கள் கேட்டதைப் பிறகுதான் அறிந்தேன். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் சோறும் பொரியலும் செய்கிறவர்கள் என்பதால் மிதவையைக் கழுவவோ, கதிரைகளை எண்ணி அடுக்கவோ, ஒரு குழாயின் முனையில் நின்று காற்று வருகிறதா என்று பார்த்துச் சொல்லவோ முடியாது என்று நினைத்தார்களோ தெரியாது. ஊரில் நான் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியவள். கிளாலியில் தோட்டம் செய்த குடும்பம் எங்களுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே நடுவில் பயிற்சியோடு தொடங்கி லேபர் டே வரை எனக்குப் பதினைந்து வாரம் வேலை கிடைத்தது. வாரம் 35 மணித்தியாலம் என்றால் 525. ஈ.ஐ. பெறுவதற்கு எங்கள் பகுதியில் அது போதவில்லை. இன்னும் நான்கு வாரம் வேலை தந்திருந்தால் என் குளிர்காலம் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த வருடம் நவம்பரில் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலைக்குப் போனேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

---

சம்பளப்பட்டியல் எழுதியது:

அக்கா, உங்கள் கணக்குச் சரியானது. பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வரை தேவைப்படும். 525 போதுமானதாக இருப்பதற்குப் பகுதியின் வீதம் 10 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நான்கு வாரம், வாரம் 35 மணித்தியாலம் என்றால் 140 கூடி 665 ஆகும். வீதம் 6 சதவீதத்தைத் தாண்டிய எந்தப் பகுதியிலும் அது போதும். அடுத்து வசந்தத்தில் திறக்கும் வேலைக்கு உங்களை ஏப்ரலிலேயே கூப்பிட்டால் இன்னும் கூடும். பூங்காவுக்குத் தேவைப்படும் வாரங்களும் உங்களுக்குத் தேவைப்படும் வாரங்களும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்தும் இந்த இரண்டையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

படிப்புக்குத் திரும்பும் முழுநேர மாணவர் வேலைக்குத் தயாராக இருப்பவராகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை என்பதால், அவருக்கு இந்த மணித்தியாலங்கள் அந்த வகையில் உதவுவதில்லை. அக்காவைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் வரும்.

---

இரும்புக்குழாய் எழுதியது:

இதை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். நானும் உணவுக் கூடத்துப் பெண்களைக் கேட்டதில்லை. என் பட்டியலில் பூங்காவில் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் செய்ய வேண்டியவை ஒரு பங்குதான். சறுக்குகளின் கட்டமைப்புப் பக்கம் சான்றிதழ் உள்ளவர்கள்தான் போக வேண்டும், அதில் சமரசம் இல்லை. மீதி வேலைகளில் பெரும்பகுதிக்குக் கவனமும், பொறுமையும், சொன்னதைச் சொன்னபடி செய்து குறித்துவைக்கும் பழக்கமும் போதும். பெரிய சமையலறை ஒன்றைத் தினமும் திறந்து மூடியவருக்கு அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது.

முறையாகச் செய்ய வேண்டும். இரசாயனப் பாதுகாப்புப் பயிற்சி எல்லோருக்கும், அவரவருக்குப் புரியும் மொழியில். முழங்கால் அளவு ரப்பர் சப்பாத்தும் நனையாத கையுறையும் பூங்காவின் செலவில். ஒக்டோபர்க் காலை மூன்று பாகையில் ஈரக் கையோடு மிதவை கழுவுவது கடினமான வேலை, சூடாக உட்கார ஓர் அறை இல்லாமல் யாரையும் அதற்குக் கூப்பிடக் கூடாது.

தெற்குக்கரைத் தம்பி, உங்கள் பம்புகளுக்கு இன்னொரு காரியம் செய்யுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யூலையில், ஒவ்வொரு வடிகால் மூடிக்கும் சிவப்பு வண்ணம் பூசி எண் எழுதுங்கள். பம்ப் அறைச் சுவரில் அதே எண்களோடு ஒரு பலகை அடியுங்கள். கழற்றிய மூடியை அந்தப் பலகையின் ஆணியில் மாட்ட வேண்டும். நவம்பரில் ஆணி ஒன்று வெறுமையாக இருந்தால், அந்த மூடி இன்னும் பம்பில் இருக்கிறது என்று வாசலில் நின்றே தெரியும். யாருடைய நினைவையும் நம்ப வேண்டியதில்லை.

---

நாலாம்வருடம் எழுதியது:

மதியச்சோறு அம்மா சொன்னதில் இருந்து ஒன்று கேட்கிறேன். உயிர்காப்பாளர் இடத்துக்கும் பெரியவர்களை ஏன் தேடக் கூடாது? 2023இல் ஒன்ராறியோ குறைந்தபட்ச வயதை 16இல் இருந்து 15 ஆக்கியது. ஆள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் வயதைக் கீழேதான் இறக்குகிறோம். வெண்கலப் பதக்கப் பயிற்சியில் தொடங்கித் தேசிய உயிர்காப்பாளர் சான்றிதழ் வரை போக நேரமும் காசும் வேண்டும். அந்தக் காசைப் பூங்கா ஏற்றால், நன்றாக நீந்தத் தெரிந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நாற்காலியில் இருப்பார். என் குழுவில் அப்படி ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற தாதி. எங்கள் எல்லோரையும்விட அவர்தான் தண்ணீரில் இருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

---

தெற்குக்கரை எழுதியது:

இந்த இழையை நிர்வாகத்திடம் அப்படியே காட்டினேன். முழுவதற்கும் சம்மதம் கிடைக்கவில்லை. குறைந்த கட்டண யோசனையை அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். பெரியவர்களுக்கு உயிர்காப்பாளர் பயிற்சிச் செலவுக்கு இந்த வருடம் இரண்டு இடம் மட்டும் தந்திருக்கிறார்கள். ஆனால் மூடும் குழுவைத் தனியாக எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். லேபர் டேக்கு மறுநாளில் இருந்து நான்கு வாரம், பத்துப் பேர், வாரம் 35 மணித்தியாலம், முடிவுத் திகதி எழுதிய ஒப்பந்தம். முதலில் எங்கள் உணவுக் கூடத்திலும் துப்புரவுப் பகுதியிலும் இருப்பவர்களிடம் கேட்போம். விண்ணப்பத்தில் இருந்த அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, “உங்கள் கடைசி நாள்?” என்று திகதி எழுதும் இடம் வைத்திருக்கிறோம். கொடுப்பனவும் அந்தத் திகதியோடு பொருந்தும்.

நேற்று எங்கள் உணவுக் கூடத்தில் மதிய இடைவேளையில் இதைச் சொன்னேன். பதினொரு பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் கையை உயர்த்தினார்கள். ஒருவர் மட்டும், “தம்பி, பம்ப் அறைக்குள்ளே எங்களையும் விடுவீர்களா?” என்று கேட்டார். அவரோடு சேர்த்து நால்வரை இன்று காலை கூட்டிக்கொண்டு போனேன். முதல் பம்பில் இரண்டாவது மூடி எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, குனிந்து கையை உள்ளே விட்டு வடிகட்டிக் கூடைக்குப் பின்னால் அதைத் தொட்டுக் காட்டினார்.

மதியச்சோறு அக்கா, களஞ்சியசாலை வேலையை விடச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் பத்தாவது இடம் இன்னும் நிரம்பவில்லை.

---

மதியச்சோறு எழுதியது:

எந்தத் திகதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்?

---

தெற்குக்கரை எழுதியது:

யூலை 15. தனிமடலில் எங்கள் அலுவலக எண்ணை அனுப்பியிருக்கிறேன், அக்கா.